எட்டு மடிப்பு

தொம்மென்று ஒரு புத்தகம் மேஜையில் வந்து விழுந்தது. கட்டிங் மெஷினின் கைப்பிடியை இறக்கப் போன பைண்டர் அப்படியே நிறுத்திவிட்டார். ஒரு நொடி தப்பியிருந்தால் இருநூறு திருமண அழைப்பிதழ்கள் கோணலாகப் போயிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தார். பள்ளிச் சீருடையில் சின்னவள். மணி ஒன்பது இருபது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் பசை வாளிக்கும் காகிதக் கட்டுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட புத்தகம்ப்பா?" என்றாள்.

விழுந்து கிடந்தது அவர் கையால் கட்டின புத்தகம். பச்சைக் காலிகோத் துணி ஒட்டின முதுகு, கெட்டி அட்டை, உள்ளே புதுத்தாள். பள்ளியில் வேறெந்தப் பிள்ளையிடமும் இப்படி ஒன்று கிடையாது.

"உன்னோடது. அதுக்கு முன்னாடி உங்க அக்காவோடது."

"அக்காவோடது மட்டுமா?"

பைண்டர் கைப்பிடியை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

விஷயம் இதுதான். இன்று மதியம் ஒன்றரைக்கு ஆங்கில இலக்கியப் பரீட்சை. காலையில் கடைசியாக ஒரு தடவை திருப்பிப் பார்க்க எட்டு மணிக்கே பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார் மிஸ். நாடகம் முடிந்தது, நாவல் முடிந்தது, சின்னவள் இரண்டிலும் கை தூக்கிப் பதில் சொன்னாள். அடுத்தது கவிதை. எதை எதோடு ஒப்பிடுவாய் என்று மிஸ் ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

சின்னவள் எழுந்து கலங்கரை விளக்கக் காவலாளியைப் பற்றிய கவிதையைச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் முதல் பன்னிரண்டு வரியையும் தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். முடித்தபோது வகுப்பே அமைதியாக இருந்தது. பிரமித்துப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "என்னடி அது, உங்க வீட்டுக்கு மட்டும் தனி சிலபஸா?"

வகுப்பே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பச்சைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், இன்னொரு பிள்ளையின் புத்தகத்தோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு சின்னவளின் தோளில் கை வைத்து, இந்த நாலு கவிதையையும் எடுத்துவிட்டு வேறு நாலு வைத்து ஐந்து வருஷம் ஆகிறதே அம்மா என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம்தான் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

மஞ்சள் காமாலையில் சின்னவள் ஏழு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்ததும், ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதும், இல்லை எழுதியே தீருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றதும் பள்ளி முழுக்கத் தெரியும். எல்லாத் தாளிலும் தேறினால் மேல் வகுப்பு. ஒன்றில் போனாலும் தனக்கு அடுத்த செட்டுப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் மறுபடி ஒரு வருஷம். அந்த ஏழு வாரத்தில்தான் வகுப்பில் கவிதைகள் நடந்தன. நோட்டு தருகிறேன் என்று இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். எனக்கு எங்க அக்கா எழுதின குறிப்பு இருக்கு என்று பெருமையாகத் திருப்பி அனுப்பியவள் இவள்தான்.

பைண்டர் புத்தகத்தை விரித்து நடுமுதுகில் நகத்தால் நீவினார். தைத்த நூல் தெரிந்தது. அவருடைய தையல்தான், ஒரு பிசிறு கிடையாது.

"பதினாறு பக்கம் சேர்ந்தா ஒரு ஃபாரம்" என்றார் மெதுவாக. "அக்கா புத்தகத்துல ஒரு ஃபாரத்துல நாலு தாள் இல்ல. ஜோடித் தாள் இல்லாம மீதியும் கழண்டுடும், தைக்க முடியாது. பழைய பேப்பர்ல இதே புத்தகம் ஒண்ணு வந்திருந்துச்சு. அதுல இருந்து அந்த ஃபாரத்தை எடுத்து வச்சேன். பக்க நம்பர் கூட அச்சா சேர்ந்துச்சு பாப்பா."

"நம்பர் சேர்ந்துச்சு" என்றாள் சின்னவள். "கவிதை சேரல."

முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அது தேநீர்க் கறையில் ஒட்டிக் கிடந்தது, அசிங்கமாக இருக்கிறதே என்று அதையும் எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைத்திருந்தார். மகள் படுக்கையில் இருக்கும்போது கையில் நல்லதாக ஒரு புத்தகம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு, இரண்டு மத்தியான சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து கட்டினது.

அந்தப் பதினாறு பக்கத்தில் அக்காவின் குறிப்பு ஒன்றுகூட இல்லை என்பதை சின்னவள் கவனிக்காமல் இல்லை. அக்காவுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு, அதனால் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். குறிப்பு இல்லையே என்று பயந்து, அந்த நாலைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் படித்து மனப்பாடம் செய்திருந்தாள்.

பையிலிருந்து நகல் எடுத்த தாள்களை உருவிக் காட்டினாள். சரியான நாலு கவிதைகள், மிஸ் கொடுத்தனுப்பியவை. பாலம் கட்டுகிறவன் ஒருத்தனைப் பற்றி ஒன்று, கடித உறைக்குள் வந்த விதையைப் பற்றி ஒன்று, வண்டி வராத ரயில் நிலையம், மழைக்கு முந்தின சமையலறை. பஸ்ஸில் நான்கு தடவை படித்துவிட்டாள்.

"வார்த்தை எல்லாம் தெரியுதுப்பா. ஆனா ஒரு வரிகூட எங்கிட்ட பேச மாட்டேங்குது."

பைண்டர் கையைத் துடைத்தார். முதலாளியிடம் போய் என்ன சொன்னாரோ, ஒரு மணி நேரம் கிடைத்தது. ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்த நாலு தாளும் தானா விழுந்தது இல்ல. கிழிஞ்ச ஓரம் நார் நாரா இருக்கும். இது மழமழன்னு இருந்துச்சு, பிளேடு போட்டு எடுத்த மாதிரி. சுவத்துல ஒட்டிப் படிக்க எடுத்திருப்பான்னு விட்டுட்டேன். உங்க அக்கா ஒரு துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போடாத ஆளு. வீட்டுலதான் இருக்கும்."

சின்னவளுக்கு உயிர் திரும்பியது. அக்காவின் குறிப்பு கிடைத்தால் போதும்.



பெரியவளை வீட்டில் யாரும் பெரியவள் என்று கூப்பிடுவதில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து டீச்சரம்மாதான். அவள் ஆங்கில இலக்கியத்தில் வாங்கிய தொண்ணூற்று மூன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கியது. பாலெடுக்கப் போனாலும் அந்த எண்ணைப் பார்க்காமல் எடுக்க முடியாது. வரும் திங்கட்கிழமை தங்கையின் பள்ளியிலேயே உதவி ஆசிரியை வேலைக்கு நேர்முகம். அதற்கான மாதிரிப் பாடத்தைத் தயார் செய்தபடி டைனிங் டேபிள் முழுக்கத் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவும் தங்கையும் ஒன்றாக உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். யாருக்கு என்ன ஆச்சு என்றாள். ஒன்றும் ஆகவில்லை, உன் புத்தகத்தில் நாலு தாள் காணோம், அது இப்போ உடனே வேணும் என்றார் பைண்டர்.

பெரியவள் மேஜை மேலிருந்த பேனாவின் மூடியை எடுத்து மாட்டினாள், கழற்றினாள்.

"எந்த நாலு தாள்?"

சின்னவள் கவிதைகளின் பெயரைச் சொன்னாள்.

"ஞாபகம் இல்லடி. நாலு வருஷம் ஆச்சு."

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிற அம்மா, எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள்; மகள் பள்ளியில் இல்லாமல் வீட்டில் இருப்பது குரலிலேயே தெரிந்துவிட்டது. பைண்டர் ஸ்பீக்கரைப் போட்டு நடந்ததைச் சொன்னார். பாதியிலேயே அம்மா குறுக்கிட்டாள்.

"உங்களை யாரு பைண்டு பண்ணச் சொன்னது? ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்திருந்தா இந்நேரம் எம் பொண்ணு நிம்மதியா உட்கார்ந்திருப்பா."

பைண்டர் சுவரைப் பார்த்தார். போனின் அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. அம்மா அந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் இங்கே தொடர்ந்தாள். டீச்சரம்மாவிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும், பரண் மேல் உள்ள பெட்டியில் பாருங்கள், பன்னிரண்டரைக்குச் சின்னவளைத் தனியாக அனுப்பாதீர்கள், அக்கா கூடப் போய் பள்ளி வாசல்வரை விட்டுவிட்டு வரட்டும்.

பெரியவள் உள்ளறைக்குப் போனாள். பரண் ஏறிய சத்தமே கேட்கவில்லை. அலமாரி திறந்தது, வெகுநேரம் எதுவும் இல்லை, பிறகு மூடியது. சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐந்து. பத்து ஒன்பது.

வெளியே வந்தபோது பெரியவளின் கையில் தாள்கள் இருந்தன. பழைய குளிர்கோட்டுப் பையில் கிடந்தது என்றாள்.

தாள்கள் வரிவரியாகக் கசங்கியிருந்தன. பைண்டருக்குக் கசங்கின காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீவினார். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மறுபடி குறுக்கே ஒன்று என்று கோடுகள் ஆழமாக விழுந்திருந்தன.

"எட்டா மடிச்சிருக்கியேம்மா. புத்தகத்துத் தாளை யாராவது இப்படி மடிப்பாங்களா?"

"பஸ்ல படிக்கிறதுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"ம்" என்றார் பைண்டர். மடிப்பின் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினார். மணியைப் பார்த்தார், சின்னவளின் தலையைத் தொட்டார், தப்பு என்னோடதுதான் பாப்பா என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார்.



தாள்களில் ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாக எழுத்து. கடுகைக் கொட்டினது போல இருந்தது. புத்தகத்தின் மற்ற பக்கங்களில் அக்காவின் கையெழுத்து இவ்வளவு சிறிசாக இருக்காது. அங்கே ஒரு வார்த்தை, இங்கே ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். இதில் முழு முழு வாக்கியங்கள். தொடக்கம், நடு, முடிவு என்று பத்தி பத்தியாக.

சின்னவள் ஆவலாகப் படித்தாள். பாலம் கட்டுகிறவன் கடைசிவரைக்கும் பாலத்தைக் கடப்பதில்லை, அதுதான் அந்தக் கவிதையின் வலி என்று ஓரத்தில் இருந்தது. காலையிலிருந்து கல்லாக இருந்த கவிதை சட்டென்று வாயைத் திறந்தது போல் இருந்தது.

"இதை எப்படிக்கா கண்டுபிடிச்ச? எந்த வரியை வச்சு இப்படி எழுதின?"

பெரியவள் எட்டிப் பார்த்தாள். கவிதையைப் படித்தாள், குறிப்பைப் படித்தாள், மறுபடி கவிதைக்குப் போனாள்.

"எழுதியிருக்கிறதைப் படி. போதும்."

"எந்த வரின்னு சொல்லணுமே. மேற்கோள் இல்லாட்டி மார்க் இல்லன்னு மிஸ் சொன்னாங்க."

"நேரம் இல்லடி. கேள்வி கேக்காம அப்படியே மனப்பாடம் பண்ணு."

பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் என்ற சொல்லையே பிடிக்காது என்று சாப்பாட்டு மேஜையில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் இவள். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினொன்றுக்குப் பாலம் ஏறியது. பதினொன்றரைக்கு விதையும் ஒருவழியாக வந்தது. ரயில் நிலையம் வரவில்லை. முதல் பத்தியைப் பிடித்தால் மூன்றாவது நழுவியது. அதைப் பிடிப்பதற்குள் பாலத்தில் பாதி போய்விட்டது. சமையலறைக் கவிதையைத் திறக்கவே பயமாக இருந்தது. இடையே கலங்கரை விளக்கக் காவலாளியின் பன்னிரண்டு வரிகள் மட்டும் கூப்பிடாமலே வந்து வந்து நின்றன. அவரைத் துரத்தவே பாதி நேரம் போனது.

இரண்டு போதாதா என்று கேட்டாள். கேள்வித்தாளில் ஒரு கவிதையை அவர்களே அச்சடித்துக் கொடுத்து ஒப்பிடச் சொல்வார்கள், அது இந்த நாலில் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாள் பெரியவள். நாலில் இரண்டு தெரிந்தால் பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரிதான். அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது.

சின்னவளுக்கு அடுத்த வருஷத்துப் பெஞ்ச் கண்ணில் தெரிந்தது. அதில் தன்னைவிட ஒரு தலை குள்ளமான பிள்ளைகள். பிறகு திங்கட்கிழமை. வேலை கிடைத்தால் அந்த வகுப்புக்கே அக்கா வந்து கரும்பலகை முன்னால் நிற்பாள். தேறாத தங்கை மூன்றாவது வரிசையில்.

பன்னிரண்டு இருபதுக்குப் பெரியவள் ரொட்டியில் முட்டை வைத்து எடுத்து வரச் சமையலறைக்குப் போனாள்.

சின்னவள் தாள்களை அடுக்கினாள். பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மடிக்கத் தொடங்கினாள். அவள் மடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய மடிப்புக் கோடுகளில் தாளே தானாக மடிந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொட்டலம். உள்ளங்கையை மூடினால் காணாமல் போனது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் முட்டை பொரிகிற சத்தம். கடிகார முள் நகர்கிற சத்தம். நான் ஒன்றும் ஊர் சுற்றிவிட்டுப் படிக்காமல் வரவில்லையே என்று மனசுக்குள் யாரிடமோ வாதாடினாள். ஏழு வாரம் காய்ச்சலோடு படித்தேன். யாரோ மாற்றித் தைத்ததற்கு நான் என்ன செய்வேன். எல்லாவற்றையும் பார்க்கப் போவதில்லை. மூன்றாவது பத்தி மட்டும். கழிவறைக்குப் போய் ஒரே ஒரு தடவை.

குனிந்தாள். வலது காலுறையை இறக்கி, கணுக்காலின் உள்பக்கம் வைத்து, மேலே இழுத்துவிட்டாள்.

"தாளெல்லாம் எங்கடி?" என்றாள் பெரியவள், தட்டோடு வந்து.

"பரீட்சை ஹாலுக்குக் கொண்டு போகக் கூடாதில்ல. மேஜை டிராயர்ல வச்சுட்டேன்."

வாழ்க்கையில் அவள் அக்காவிடம் சொன்ன முதல் பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது காது சூடானது இதுதான் முதல் தடவை. ரொட்டியில் இரண்டு கடிக்கு மேல் இறங்கவில்லை.



பஸ்ஸில் நல்ல கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சின்னவள் உதட்டை அசைத்துப் பாலத்தைச் சொல்லிப் பார்த்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கணுக்காலில் ஒரு முனை குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வரி மறந்தது.

ஒன்று ஐந்துக்கு இறங்கினார்கள். நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் நூறு அடி. சின்னவள் முன்னால் போக, பெரியவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

கேட்டருகே பிள்ளைகள் புத்தகங்களைக் கடைசி நிமிஷமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்ச்காரி கை ஆட்டினாள். பியூன் வரிசையில் நிற்கச் சொல்லி ஒவ்வொருத்தியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பை எல்லாம் வெளியே, கையில் பேனாவும் அடையாள அட்டையும் மட்டும்.

"நில்லு" என்றாள் பெரியவள்.

சின்னவள் நின்றாள்.

"வலது கால் ஏன் அப்படி வைக்கிற?"

"எப்படி?"

"குதிகாலை ஊனாம."

"ஷூ கடிக்குது."

பெரியவள் பைகளைத் தரையில் வைத்தாள். அக்காவின் முகத்தை சின்னவள் இவ்வளவு கிட்டத்தில் இப்படி வெளுத்துப் பார்த்ததில்லை. காமாலை வந்தது தனக்கா அக்காவுக்கா என்று தோன்றியது. வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவள் போடி என்று முதுகில் தட்டினாள். பெரியவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து வரிசையிலிருந்து மெல்ல ஓரமாக இழுத்தாள். வாசல் தூணுக்கு இந்தப் பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஷூ நாடாவைக் கட்டிவிடுகிறவள் போல மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

அவள் கை நேராகக் காலுறையின் உள்பக்கம் போய் நின்றது. தேடவே இல்லை.

"அக்கா, ஒரே ஒரு பத்திக்கா" என்றாள் சின்னவள். "நீ நல்லா படிச்சவ. தொண்ணூத்து மூணு வாங்கினவ. உனக்கு இதெல்லாம் புரியாது."

பெரியவள் தலையைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது.

அவள் தோளுக்கு மேலே, தெருவைக் கடந்து அம்மா வருவதை சின்னவள் பார்த்தாள். மருந்துக்கடை மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், மகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் ஒரு புதுப் பேனாவுமாக அரை ஓட்டத்தில் வந்துகொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் முகம் மலர்ந்தது. பெரியவளைத் திடுக்கிட வைக்கலாம் என்று நினைத்தவள் போல, சத்தம் செய்யாமல் இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

உள்ளே முதல் மணி அடித்தது.

பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையின் கணுக்காலை விடாமல் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்துச் சொன்னாள்:

"குடுத்துடுடி. அந்த எட்டு மடிப்பும் என் பரீட்சை அன்னைக்கு இதே வாசல்ல நின்னு நான் போட்டது."